சாலைப் பணி சைட்டில் புதிதாகச் சேர்பவர்களுக்கு: ஒப்பந்தம், ஓட்டுநர், கேம்ப்

டிப்ளமோவோ பி.இ. சிவிலோ முடித்துவிட்டு நெடுஞ்சாலை ஒப்பந்த நிறுவனத்தில் சைட் இன்ஜினியராகவோ சேஃப்டி சூப்பர்வைசராகவோ வண்டிப் பிரிவுப் பொறுப்பாளராகவோ சேரும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். ஓட்டுநராக வருபவர்களுக்கும் பாதிக்கு மேல் பயன்படும்.

தார்க்கலவையை எப்படி வடிவமைப்பது என்று கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அந்தக் கலவையைப் பிளாண்டிலிருந்து ஏற்றிவரும் டிப்பர் டிரைவர் யாரிடம் சம்பளம் வாங்குகிறார், நேற்று எத்தனை மணிக்குப் படுத்தார், அவருக்கு அடிபட்டால் ஆஸ்பத்திரியில் யார் வந்து நிற்பார் என்பதையெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட கம்பெனியிலிருந்து எத்தனை படி தள்ளி ஒருவர் வேலை செய்கிறாரோ, அந்த அளவுக்குப் பாதுகாப்பு அவரை எட்டாமல் போகிறது. கம்பெனி இன்ஜினியருக்கு ஹெல்மெட், ஷூ, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்த அன்றே கிடைத்துவிடும். வாடகை டிப்பரின் கிளீனருக்கு எதுவும் கிடைக்காது. அந்தத் தூரத்தைக் குறைப்பதுதான் புதிதாக வரும் உங்களுடைய முதல் வேலை என்று நினைக்கிறேன். கீழே உள்ள படிகள் எல்லாம் அதற்காகத்தான். உதாரணங்கள் தமிழ்நாட்டுச் சாலைகளிலிருந்து எடுத்தவை.

படி 1: யார் யாருடைய ஆள் என்று எழுதுங்கள்

சைட் போர்டில் ஒரு கம்பெனியின் பெயர்தான் பெரிதாக இருக்கும். உள்ளே பல கம்பெனிகளின் ஆட்கள் வேலை செய்வார்கள். உச்சியில் தேசிய நெடுஞ்சாலை ஆணையம் அல்லது மாநில நெடுஞ்சாலைத் துறை. அதற்குக் கீழே முதன்மை ஒப்பந்ததாரர். தனியாக எடுத்திருக்கலாம், இன்னொரு கம்பெனியோடு ஜே.வி. (கூட்டு ஒப்பந்தம்) போட்டும் எடுத்திருக்கலாம். அவருக்குக் கீழே மண்வேலைக்கு ஒரு சப் கான்ட்ராக்டர், சிறுபாலங்களுக்கு ஒருவர், கிராஷ் பேரியருக்கு ஒருவர், ரோடு மார்க்கிங்குக்கு ஒருவர். இவர்களுக்கும் கீழே ஒன்றிரண்டு டிப்பர் வைத்து வாடகைக்கு விடும் உள்ளூர் முதலாளிகள். கடைசியில் டிரைவர், அவருக்குப் பக்கத்தில் கிளீனர். இந்த வரிசைக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் மேற்பார்வை பார்ப்பவர் ஆணையத்தின் சார்பில் வரும் இன்ஜினியர். இ.பி.சி. வேலையில் (ஒப்பந்த வகைகளை அடுத்த பத்தியில் சொல்கிறேன்) அவரை அத்தாரிட்டி இன்ஜினியர் என்பார்கள், ஹாம், பி.ஓ.டி. வேலைகளில் இண்டிபெண்டன்ட் இன்ஜினியர்.

ஒப்பந்தம் எந்த வகை என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். இ.பி.சி.யில் பணம் அரசுடையது. கட்டிக் கொடுத்துவிட்டு, குறிப்பிட்ட காலம் வரை குறைகளைச் சரிசெய்ய வேண்டும். 2016இல் வந்த ஹாம் முறையில் கட்டும்போதே செலவில் 40 சதவீதத்தை அரசு தந்துவிடும். மீதியைக் கம்பெனி திரட்டிப் போட்டு, சாலை முடிந்தபின் 15 ஆண்டுகளில் தவணையாகத் திரும்ப வாங்கும். பி.ஓ.டி.யில் கம்பெனி போட்ட பணம் சுங்கச்சாவடி வசூலிலிருந்து வரும். பின்னிரண்டிலும் கட்டியவரே பல ஆண்டுகள் பராமரிக்கவும் வேண்டும். அப்படியென்றால் நீங்கள் வண்டி ஓடிக்கொண்டிருக்கும் சாலையில் நின்று வேலை செய்யப்போகிறீர்கள். அது புதுச்சாலை போடுவதைவிட ஆபத்தானது.

இப்போது ஒரு நோட்டு எடுங்கள். உங்கள் பொறுப்பில் உள்ள செயினேஜில் (சாலையின் நீளக் கணக்கு) ஒரு கிலோமீட்டரைத் தேர்ந்து, ஒரு நாள் முழுக்க அங்கே வந்து போகும் ஒவ்வொருவரையும் எழுதுங்கள்: பெயர், யாருடைய ஆள், கூலி யார் கொடுக்கிறார், இன்சூரன்ஸ் உண்டா, வீட்டு போன் நம்பர். பல கட்டங்கள் காலியாக இருக்கும். கல்வெர்ட் (சிறுபாலம்) குழிக்குப் பக்கத்தில் கொடி பிடித்து நிற்கும் அம்மா யாருடைய கணக்கில் இருக்கிறார் என்று கேட்டால் மூன்று பேர் மூன்று பதில் சொல்வார்கள். காலியாக உள்ள கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்புங்கள்.

படி 2: கூட்டாளிகளோடு போட்ட காகிதத்தைப் படியுங்கள்

ஜே.வி.யில் வேலையைக் கிலோமீட்டர் கணக்கில் பிரித்துக்கொள்வார்கள், அல்லது பாலம் ஒருவர், ரோடு ஒருவர் என்று பிரிப்பார்கள். எப்படிப் பிரித்தாலும் இரண்டு பேருடைய எல்லையும் சந்திக்கும் இடம் ஒன்று இருக்கும். அங்கே பேரிகேடு யார் வைப்பது, இரவில் விளக்கு எரிகிறதா என்று யார் பார்ப்பது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் மேலாளரிடம் சொல்லி, இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒரு பக்கக் கடிதமாவது வாங்கிவிடுங்கள்.

சப் கான்ட்ராக்டருக்குக் கொடுக்கும் ஒர்க் ஆர்டரில் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: கூம்பு, ஒளிரும் பலகை, இரவு விளக்கு, கொடிக்காரர் ஆகியவற்றுக்குத் தனி ரேட் இருக்கிறதா? கன மீட்டர் ரேட்டுக்குள்ளேயே அதையும் அடக்கிப் போட்டிருந்தால், மிச்சம் பிடிக்க நினைக்கும் சப் கான்ட்ராக்டர் முதலில் கை வைப்பது அங்கேதான். தனி ஐட்டமாக அளந்து பில் போட்டால் கூம்பு வந்து நிற்கும். எத்தனை போஸ்டர் ஒட்டினாலும் இந்த அளவுக்குப் பலன் தராது.

பணம் கொடுக்கும் தேதியும் பாதுகாப்பு விஷயம்தான். மேலிருந்து வந்தால் கீழே தருவோம் என்ற ஏற்பாட்டில் வாடகை பாக்கி மூன்று மாதம் நின்றுவிட்டால், வண்டி முதலாளி டயர் மாற்றுவதைத் தள்ளிப்போடுவார். அடுத்து பிரேக் லைனிங். அதற்கடுத்து டிரைவர் சம்பளம். உங்களுக்குப் பில் பாஸ் செய்யும் அதிகாரம் இருக்காது. ஆனால் நடைக்கணக்கை (வண்டி எத்தனை முறை லோடு அடித்தது என்ற கணக்கு) அன்றன்றே சரிபார்த்து அனுப்பினால் பில் தாமதிக்க ஒரு காரணம் குறையும்.

வாடகை வண்டி உள்ளே வருமுன் ஆர்.சி., எஃப்.சி., பர்மிட், இன்சூரன்ஸ், புகைச் சான்று, டிரைவர் லைசென்ஸ் ஆகியவற்றின் நகலை வாங்கி, ஒவ்வொன்றும் காலாவதியாகும் தேதியை நோட்டில் குறியுங்கள். இன்சூரன்ஸ் டிரைவர், கிளீனர் இருவரையும் உள்ளடக்குகிறதா என்று பாலிசியைத் திறந்து பாருங்கள். ஒப்பந்ததாரர் மூலம் வந்த தொழிலாளிக்கு அடிபட்டாலும் வேலையைக் கொடுத்த முதன்மை நிறுவனம் இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்பது 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலேயே எழுதப்பட்ட நெறி. "அவர் நம்ம ஆள் இல்லை" என்று சைட்டில் யாராவது சொன்னால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பெனிக்கு வெளியே உள்ள கூட்டாளிகளும் உண்டு: மின்வாரியம், குடிநீர் வடிகால் வாரியம், தொலைபேசிக் கேபிள் வைத்திருப்பவர்கள், எரிவாயுக் குழாய்க்காரர்கள். பொக்லைன் பல் மண்ணில் இறங்குவதற்கு முன் இவர்களுக்குத் தகவல் போக வேண்டும். 2023இல் மத்திய அரசு கொண்டுவந்த 'கால் பிஃபோர் யூ டிக்' செயலி இதற்காகவே இருக்கிறது. செயலியில் பதிந்ததோடு விடாமல், அந்தந்தத் துறையின் உள்ளூர் லைன்மேனையோ குழாய்க்காரரையோ நேரில் கூட்டிவந்து காட்டச் சொல்லுங்கள். வரைபடத்தில் இல்லாத கேபிள் எங்கே போகிறது என்பது அவருக்குத்தான் தெரியும்.

படி 3: டிரைவரைச் சேர்க்கும் நாள்

சரக்கு வண்டி ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும். இலகு ரக லைசென்ஸ் எடுத்து ஓராண்டு ஆனவருக்குத்தான் கனரகப் பழகுநர் உரிமமே கிடைக்கும். போக்குவரத்து வண்டி லைசென்ஸ் 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. இவற்றைப் பார்த்த பிறகு கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள். நாற்பதைக் கடந்த பல டிரைவர்களுக்குக் கண்ணாடி தேவைப்படும்; வேலை போய்விடுமோ என்று பயந்து சொல்ல மாட்டார்கள். கண்ணாடிச் செலவைக் கம்பெனி ஏற்றுக்கொண்டு, கண்ணாடி போட்டால் வேலை போகாது என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அந்தப் பயம் நீங்கும்.

அடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். நேராக ஓட்டுவதை யாரும் ஓட்டுவார்கள். ஏற்றிய வண்டியைப் பேவர் (தார்க்கலவையை விரிக்கும் இயந்திரம்) வரைக்கும் பின்னால் எடுத்து நிறுத்தச் சொல்லுங்கள். கண்ணாடியை எத்தனை முறை பார்க்கிறார், சிக்னல்மேன் கண்ணில் படாதபோது நிறுத்துகிறாரா என்று கவனியுங்கள்.

தினமும் காலையில் வண்டி கிளம்புமுன் டிரைவரே ஒரு சுற்றுச் சுற்றிவர வேண்டும். டயர், வீல் நட்டு, ஏர் கசிவு, பிரேக், விளக்கு, ரிவர்ஸ் ஹாரன், கண்ணாடி, பின்கதவுக் கொக்கி, ஹைட்ராலிக் ஆயில், தார்ப்பாய். ஏர் பிரேக் வண்டியில் அழுத்தமானி உரிய அளவு ஏறாமல் நகரக் கூடாது. இந்தச் சுற்றுக்கு நேரம் கொடுங்கள். ஆறு மணிக்கு முதல் லோடு வேண்டும் என்று கத்திவிட்டு, செக்லிஸ்ட் தாளில் மட்டும் டிக் கேட்டால் டிக்தான் கிடைக்கும்.

பிளாண்டில் வரிசையில் நிற்கும்போது டிரைவர் டீ குடிக்கப் போக, கிளீனர் வண்டியை நகர்த்தும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இதை முதல் நாளே நிறுத்துங்கள். வண்டிகளுக்கு நடுவில் ஆள் நடக்கும் இடம் அது.

படி 4: நடைக்கூலியும் தூக்கமும்

இந்த வழிகாட்டியில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

டிப்பர் டிரைவருக்குப் பல இடங்களில் சம்பளம் குறைவு, நடைக்கு இவ்வளவு என்று பேட்டா அதிகம். கிரஷரிலிருந்து (ஜல்லி உடைக்கும் ஆலை) சைட்டுக்கு ஒரு நாளில் எத்தனை நடை அடிக்கிறாரோ அதுதான் வருமானம். அப்படி இருக்கும்போது வேகத்தடையில் மெதுவாகப் போங்கள், சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் படுங்கள் என்று சொல்வது அவருடைய பையிலிருந்து பணத்தை எடுப்பதற்குச் சமம். கேட்க மாட்டார், கேட்காததற்கு அவரைக் குறை சொல்லவும் முடியாது. வீட்டில் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட வேண்டும்.

அதிக பாரமும் இங்கிருந்துதான் வருகிறது. பத்துச் சக்கர டிப்பரின் மொத்த எடை வரம்பு 2018இல் 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தப்பட்டது. அதற்கு மேலும் ஏற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தத்தின்படி 20,000 ரூபாய் அபராதம். கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் அதன்மேல். ஆனாலும் டன் கணக்கில் வாடகை பேசியிருந்தால் கிரஷரில் குவித்து ஏற்றத்தான் செய்வார்கள். ஏற்றிய பாரம் இறக்கத்தில் பிரேக்கைக் கொல்லும். எடைமேடைச் சீட்டையும் கனிமத் துறையின் நடைச்சீட்டையும் சேர்த்துவைத்துப் பாருங்கள். வரம்பு மீறிய லோடுக்குப் பில் கிடையாது என்று வண்டி முதலாளிக்கு எழுத்தில் சொல்லிவிட்டால் ஏற்றுவது நின்றுவிடும்.

என்ன செய்யலாம்? பேட்டாவை ஒழிக்க உங்களால் முடியாது. மூன்று காரியம் முடியும். ஒன்று, தூரத்தையும் ஏற்றி இறக்கும் நேரத்தையும் அளந்து, சாதாரண வேகத்தில் ஒரு ஷிஃப்டில் எத்தனை நடை முடியும் என்று கணக்குப் போடுங்கள். அந்த எண்ணிக்கைக்கு மேல் பேட்டா இல்லை என்று உச்சவரம்பு வையுங்கள். அதை எட்டியவருக்கு முழுப் பணமும் கிடைக்கும்படி மேலாளரிடம் பேசி வாங்குங்கள். இரண்டு, பிளாண்ட் நின்றுபோய் டிரைவர் காத்திருந்தால் அந்த நேரத்துக்கும் காசு கொடுக்கச் சொல்லுங்கள். காத்திருந்த இரண்டு மணி நேரத்தை ஈடுகட்டத்தான் அவர் சாயங்காலம் பறக்கிறார். மூன்று, மணி நேரக் கணக்கு. நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே வரம்பு வைத்தது. தார் போடும் சீசனில் இதைக் கடக்கும் சைட்டுகள் ஏராளம். நீங்களாவது வண்டி எண்ணுக்குப் பதிலாக டிரைவர் பெயரை வைத்து மணிக்கணக்கு எழுதுங்கள். வண்டி இரண்டு ஷிஃப்ட் ஓடலாம், ஆள் ஓடக் கூடாது. வண்டி எண்ணை மட்டும் எழுதும் லாக் புக்கில் இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது.

இரவு ஷிஃப்டில் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரைக்கும் தூக்கம் அழுத்தும் நேரம். டீயும் பாட்டும் கொஞ்ச நேரம்தான் தாங்கும். வண்டியை ஓரங்கட்டி இருபது நிமிடம் படுக்க அனுமதி உண்டு, அதற்குப் பணம் பிடிக்க மாட்டோம் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். ஷிஃப்ட் தொடங்கும்போது ஒவ்வொருவரிடமும் போய், "அண்ணே, பகல்ல தூங்குனீங்களா?" என்று முகத்தைப் பார்த்துக் கேளுங்கள். இல்லை என்று சொல்பவரைத் திட்டாமல் வேறு வேலைக்கு மாற்றினால் அடுத்த நாளும் உண்மையைச் சொல்வார். ஒருமுறை திட்டினால் அதன்பின் எல்லோரும் நன்றாகத் தூங்கியதாகவே சொல்வார்கள்.

படி 5: ஓடும் சாலையில் வேலை செய்யும் இடத்தை அடைப்பது

இதற்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் வெளியிட்ட எஸ்.பி. 55 என்ற வழிகாட்டி இருக்கிறது. 2001இல் வந்து 2014இல் திருத்தப்பட்டது. சைட் ஆபீசில் ஒரு பிரதி கட்டாயம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். சாரம் இதுதான்: வருகிற வண்டிக்கு முதலில் எச்சரிக்கைப் பகுதி, பிறகு பாதையை மெல்லத் திருப்பும் பகுதி, பிறகு வேலை நடக்கும் பகுதி, கடைசியில் பழைய பாதைக்கு விடும் பகுதி. வேலை நடக்கும் பகுதியிலும், தடுப்புக்கும் ஆட்களுக்கும் நடுவில் எதுவும் வைக்காத இடைவெளி வேண்டும். அந்த இடைவெளியில் ஜல்லி குவிப்பதும் பைக் நிறுத்துவதும் நம் சைட்டுகளில் சகஜம். அதை அனுமதிக்காதீர்கள்.

சாலை வடிவமைப்பில் வண்டி நிற்கத் தேவைப்படும் தூரமாக 80 கி.மீ. வேகத்துக்கு 120 மீட்டரும் 100 கி.மீ. வேகத்துக்கு 180 மீட்டரும் கணக்கிடுகிறோம். முதல் கூம்பிலிருந்து 180 மீட்டர் பின்னால் நடந்துபோய்த் திரும்பி நின்று பாருங்கள். இரவிலும் போய்ப் பாருங்கள். போர்டு தெரியவில்லை, அல்லது ஒரு புளியமரம் மறைக்கிறது என்றால் போர்டை நகர்த்துங்கள். பகலில் பளிச்சென்று இருக்கும் பலகை புழுதி படிந்து இரவில் இருட்டோடு இருட்டாகிவிடும். துடைப்பதற்கு ஓர் ஆளை ஒதுக்குங்கள்.

கொடிக்காரர் கடைசியாகப் பார்க்கப்படும் ஆளாகவே இருக்கிறார். அவர் தடுப்புக்கு முன்னால், வண்டி வரும் பாதையிலேயே நிற்கக் கூடாது. ஓரத்தில் நின்று, ஓடித் தப்ப ஒரு வழி வைத்துக்கொள்ள வேண்டும். ஒளிரும் சட்டை, விசில், இரவில் சிவப்பு ஒளித்தடி, நிழல், தண்ணீர், இரண்டு மணிக்கொருமுறை மாற்று ஆள். வேறு வேலைக்கு ஆகாதவரைக் கொடி பிடிக்க விடும் வழக்கம் எனக்குக் கோபம் தரும் ஒன்று. காது கேட்க வேண்டும், கண் தெரிய வேண்டும், சட்டென்று நகர முடிய வேண்டும்.

இன்னும் ஒன்று. மாற்றுப்பாதைக்காகச் சாலை குறுக்கே கொட்டிவைத்த மண்மேடும், மூடாமல் விட்ட சிறுபாலக் குழியும், நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளும் ராத்திரியில் இருசக்கர வாகனக்காரரைக் கொல்பவை. வேலை முடிந்து ஆட்கள் போனபிறகுதான் அவை ஆபத்தாகின்றன. சாயங்காலம் கிளம்புமுன் உங்கள் நீளத்தை ஒருமுறை பைக்கில் ஓட்டிப் பாருங்கள், விளக்கு எரிகிறதா, டேப் அறுந்திருக்கிறதா என்று.

படி 6: டிப்பர் ஆளைக் கொல்லும் மூன்று வழி

பின்னால் வருவது. டிப்பருக்குப் பின்னால் டிரைவருக்குத் தெரியாத இடம் பெரிது. ரிவர்ஸ் ஹாரனை நாள் முழுக்கக் கேட்கும் காது அதைக் கவனிப்பதை விட்டுவிடும். ஆகவே சிக்னல்மேன் இல்லாமல் ரிவர்ஸ் இல்லை என்பது சட்டமாக இருக்கட்டும். சிக்னல்மேன் டிரைவர் பக்கக் கண்ணாடியில் தெரியும்படி நிற்க வேண்டும். அவர் மறைந்தால் வண்டி நிற்க வேண்டும்.

மின்கம்பி. தெருவைக் கடக்கும் உயரழுத்தக் கம்பிக்குப் பழைய மின்விதிகள் வைத்த குறைந்தபட்ச உயரம் 6.1 மீட்டர். சாலை மட்டத்தை நாம் உயர்த்தும்போது அது மேலும் குறைகிறது. தூக்கிய பாடி அந்தக் கம்பியைத் தொடும் உயரத்துக்குப் போகும். கம்பி கடக்கும் இடங்களில் இருபுறமும் கழி நட்டுக் கொடித் தோரணம் கட்டுங்கள். அதற்குள் பாடி தூக்கக் கூடாது. தொட்டுவிட்டால் டிரைவர் கேபினிலேயே இருக்க வேண்டும், யாரும் வண்டியை நெருங்கக் கூடாது, மின்வாரியத்தைக் கூப்பிட வேண்டும். வண்டி தீப்பிடித்து இறங்கியே ஆக வேண்டுமென்றால், வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, பாதத்தைத் தரையிலிருந்து எடுக்காமல் தேய்த்துத் தேய்த்து விலக வேண்டும். இதை வாயால் சொன்னால் போதாது, செய்துகாட்டிப் பழக்குங்கள். பாடியை இறக்காமலே கிளம்பி, மேம்பாலத்திலோ பெயர்ப்பலகை வளைவிலோ மோதும் விபத்தையும் இதே பாடத்தில் சேர்த்துச் சொல்லுங்கள்.

சரிவு. சரிந்த மண்ணில் நிறுத்திப் பாடி தூக்கினால், ஈரமண் ஒரு பக்கம் ஒட்டிக்கொள்ள, வண்டி சாயும். சமதரையில்தான் கொட்ட வேண்டும். மலை இறக்கம் இன்னொரு வகை. தருமபுரிக்கும் சேலத்துக்கும் நடுவில் தொப்பூர் கணவாயில் சரக்கு லாரிகள் எத்தனையோ முறை கட்டுப்பாடு இழந்திருக்கின்றன. டீசல் மிச்சமாகும் என்று நியூட்ரலில் விடுவதும், பிரேக்கை விடாமல் மிதித்து டிரம்மைச் சூடாக்குவதும் அங்கே சொல்லப்படும் காரணங்கள். உங்கள் கிரஷர் மலைமேல் இருந்தால் இதே ஆபத்து உங்களுக்கும் உண்டு. ஏறிய கியரிலேயே இறங்குவது, இன்ஜின் பிரேக்கைப் பயன்படுத்துவது, இறக்கம் தொடங்குமுன் நிறுத்திப் பிரேக் பார்ப்பது என்று ஒவ்வொரு டிரைவரோடும் ஒருமுறை கேபினில் உட்கார்ந்து போய்ப் பாருங்கள்.

படி 7: சூடான தார்

வி.ஜி. 30 என்ற வகைத் தாரில் கலவை பிளாண்டிலிருந்து 150 முதல் 165 டிகிரி செல்சியஸில் வெளியே வரும். விரிக்கும்போது குறைந்தது 140 டிகிரி இருக்க வேண்டும். இந்தச் சூட்டில் ஒரு துளி பட்டாலே தோல் வெந்துவிடும். முழுக்கைச் சட்டை, கனமான கையுறை, கணுக்கால் மூடிய ஷூ இல்லாமல் ரேக் (கலவையை இழுத்துச் சமப்படுத்தும் கருவி) பிடிக்க யாரையும் விடாதீர்கள். தார் பட்டால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிரவையுங்கள், இருபது நிமிடமாவது. ஒட்டிய தாரைப் பிய்க்கக் கூடாது, மண்ணெண்ணெய் டீசல் ஊற்றக் கூடாது. மீதியை ஆஸ்பத்திரியில் பார்த்துக்கொள்வார்கள். பேவருக்குப் பக்கத்தில் தண்ணீர் டிரம் இருப்பது இதற்காக. வேலை தொடங்கும்போது அது நிறைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

படி 8: கேம்ப்

நீங்களும் அங்கேதான் தங்கப்போகிறீர்கள், ஆகவே உங்கள் அறையோடு நிறுத்திவிடாமல் தொழிலாளர் கொட்டகையையும் முதல் நாளே சுற்றிப் பாருங்கள். வயல்நடுவே போட்ட கேம்பில் தரையில் படுத்துத் தூங்குபவரைக் கட்டுவிரியன் கடிக்கும். கடித்தது பல நேரம் தெரியாது, வலிக்காது. கட்டிலும், ஓரத்தைப் படுக்கைக்கு அடியில் செருகிய கொசுவலையும் இதற்கு நல்ல காப்பு. பாம்பு கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், ஆட்டாமல் அசைக்காமல், விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அது எந்த மருத்துவமனை என்று முன்கூட்டியே விசாரித்து எழுதிவையுங்கள். காங்கிரீட் கியூரிங் தொட்டியில் தேங்கும் தண்ணீரில் டெங்குக் கொசு வளரும்; வாரம் ஒருமுறை கொட்டிக் காயவிடுங்கள்.

குடிதண்ணீர், விளக்கு, பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை. இந்த மூன்றும் இல்லாத கேம்பில் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார்கள், வெயிலில் மயங்கி விழுவார்கள். கத்திரி வெயில் மாதத்தில் காலை ஆறிலிருந்து பதினொன்று வரை, பிறகு மூன்றரைக்கு மேல் என்று வேலையைப் பிரிக்க மேலாளரிடம் கேளுங்கள். டிரைவர் கேபின் இன்ஜின் சூட்டோடு சேர்ந்து அடுப்பாகவே இருக்கும். 2025 அக்டோபர் முதல் தயாராகும் கனரக வண்டிகளில் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். உங்கள் சைட்டில் ஓடுபவை பெரும்பாலும் அதற்கு முந்தியவை. அவர்களுக்கு நடைக்கு நடை தண்ணீர்க் கேன் மாற்றிக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள்.

பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், மேற்கு வங்கத்திலிருந்து வந்தவர்கள் நிறைய இருப்பார்கள். 'ருக்கோ' என்றால் நில், 'ஹட்டோ' என்றால் விலகு, 'பீச்சே' என்றால் பின்னால். இந்த மூன்று சொல்லாவது எல்லாத் தமிழ் டிரைவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும். 'நிறுத்து', 'தள்ளிப் போ' என்பவை அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கைச் சைகையை ஒன்றாக்கிக் காலைக் கூட்டத்தில் பழக்குங்கள். ஒரே நாடு ஒரே ரேஷன் திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. சொந்த மாநிலத்தில் அட்டை வைத்திருப்பவர் இங்குள்ள ரேஷன் கடையிலும் தானியம் வாங்கலாம். பலருக்குத் தெரியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய்க் காட்டுங்கள். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் பதிய வைப்பதும் அப்படித்தான், யாராவது ஒருவர் முன்னின்று செய்தால்தான் நடக்கும்.

சாராயத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், தனிமையைப் பற்றிப் பேச மாட்டார்கள். மாதக்கணக்கில் குடும்பத்தைப் பார்க்காத ஆள் சாயங்காலம் என்ன செய்வார்? காலையில் ஊதிப் பார்க்கும் கருவி அவசியம். எல்லோரும் ஊத வேண்டும், இன்ஜினியர் முதலில் ஊத வேண்டும். அதோடு தீபாவளி, பொங்கல், சத் பூஜை, ரம்ஜான் லீவை இரண்டு மாதம் முன்பே பட்டியல் போட்டு உறுதிசெய்யுங்கள். எப்போது ஊருக்குப் போவோம் என்று தேதி தெரிந்தவர் நிம்மதியாக வேலை செய்வார். உங்களுக்கும் இது பொருந்தும்.

படி 9: ஊர்க்காரர்கள்

சாலை அவர்களுடையது, நாம் வந்து போகிறவர்கள். பஞ்சாயத்துத் தலைவரையும் பள்ளித் தலைமையாசிரியரையும் முதல் வாரத்திலேயே பார்த்து உங்கள் போன் நம்பரைக் கொடுங்கள். பள்ளி தொடங்கும் நேரமும் விடும் நேரமும் அந்த வழியில் டிப்பர் ஓடக் கூடாது. புழுதிக்குத் தண்ணீர் லாரி. திறக்காத புதுச் சாலையில் நெல்லும் சோளமும் காயப்போடுவார்கள், எதிர்ப்பக்கத்தில் பைக்கில் வருவார்கள். இதைச் சண்டை போட்டுத் தடுக்க முடியாது. எந்தப் பகுதியில் எந்த நாளில் வண்டி ஓடும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்களே ஒதுக்கிக்கொள்வார்கள்.

படி 10: விபத்து நடந்துவிட்டால்

முதலில் பின்னால் வரும் வண்டிகளை நிறுத்துங்கள். இரண்டாவது விபத்து அங்கேயே நடக்கும். 108ஐக் கூப்பிடுங்கள், தேசிய நெடுஞ்சாலையில் 1033ஐயும் கூப்பிடலாம், அருகிலுள்ள ரோந்து வண்டியும் கிரேனும் வரும். இடத்தைக் கிலோமீட்டர் கல்லை வைத்துச் சொல்லுங்கள். 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் அடிபட்ட யாருக்கும், எந்த மாநிலத்தவராக இருந்தாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை கட்டணமில்லை. திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளும் உண்டு. 2021 டிசம்பரில் தொடங்கிய திட்டம் இது. உங்கள் நீளத்துக்குப் பக்கத்தில் அதில் சேர்ந்த மருத்துவமனை எது என்று கேம்ப் சுவரில் எழுதிவையுங்கள்.

டிரைவர்களுக்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லிக்கொடுங்கள். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்ப்பதும், 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் தெரிவிப்பதும் மோட்டார் வாகனச் சட்டம் 134ஆம் பிரிவின்படி ஓட்டுநரின் கடமை. கூட்டம் அடிக்க வரும் நிலையில் அங்கே நிற்க முடியாது என்பதை அந்தப் பிரிவே ஏற்கிறது. அப்போது விலகிப்போய் நேராகக் காவல் நிலையத்தில் நிற்கலாம். ஓடி ஒளிந்தால் அவர் குற்றவாளி ஆகிறார். உதவிக்கு வந்தவரை, விருப்பமில்லாமல் பெயர் முகவரி சொல்லும்படி காவலர்கள் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2019 திருத்தத்தின் கீழ் வந்த விதிகள் சொல்கின்றன. இது தெரிந்தால் ஊர்க்காரர்களும் தயங்காமல் தூக்குவார்கள்.

இடத்தைக் கலைக்குமுன் படம் எடுங்கள்: போர்டு எங்கே இருந்தது, கூம்பு எங்கே, விளக்கு எரிந்ததா. யார்மேல் தப்பு என்று அன்றைக்கே எழுதத் தொடங்காதீர்கள். நடந்ததை நேரவாரியாக மட்டும் எழுதுங்கள். குடும்பத்துக்கு நீங்களோ மேலாளரோ போன் செய்யுங்கள். கிளீனர் பையனை விட்டுச் சொல்ல வைக்காதீர்கள். வெளிமாநிலத்துக்காரர் என்றால் அவருடைய ஊர் மொழி தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு வருவது மாதக்கணக்கான வேலை: இன்சூரன்ஸ் மனு, இழப்பீட்டு மனு, சம்பள பாக்கி, மருத்துவப் பில். சைட் முடிந்து ஆட்கள் கலைந்துபோகும்போது இந்தக் கோப்புகள்தான் அநாதையாகின்றன. ஒவ்வொரு மனுவுக்கும் எண், தேதி, எந்த அலுவலகம், அடுத்து எப்போது போக வேண்டும் என்று தனி நோட்டில் எழுதிவாருங்கள். உங்களை வேறு சைட்டுக்கு மாற்றினால், அந்த நோட்டை அடுத்து வருபவரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டு, அந்தக் குடும்பத்துக்கு அவருடைய நம்பரைச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.